பட்டன் இருந்தும் வழுக்கிய டயர்

கோத்தகிரியில் குடியிருந்துகொண்டு, குன்னூருக்கு அருகிலுள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கட்டபெட்டு, வண்டிச்சோலை வழியாகப் போக 21 கிலோமீட்டர், வர 21 கிலோமீட்டர். மாதத்தில் ஏறத்தாழ 25 நாட்கள் இந்தச் சாலையில் 150 சிசி மோட்டார் சைக்கிளில் செல்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியைப் பின்னால் அமர்த்திக்கொண்டு குஞ்சப்பனை வழியாக மேட்டுப்பாளையம் இறங்குவதும் உண்டு. தொழிலே கணக்கு என்பதால், பெட்ரோல் போட்ட நாள், டயர் மாற்றிய நாள், அப்போது ஓடியிருந்த கிலோமீட்டர், கொடுத்த பணம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. இங்கே சொல்லப்போவது பெரும்பாலும் அந்த நோட்டிலிருந்து எடுத்ததுதான்.

2018ஆம் ஆண்டு நவம்பரில், வடகிழக்குப் பருவமழை வலுத்திருந்த ஒரு திங்கட்கிழமை காலையில், கட்டபெட்டைத் தாண்டிய ஓர் இடது வளைவில் கீழே விழுந்தேன். இரவு முழுவதும் மழை பெய்து, கற்பூர மரத்தின் இலைகள் தார்ச்சாலையில் ஒட்டிக் கிடந்தன. வேகம் 25 கிலோமீட்டருக்கு மேல் இருக்காது. வளைவில் வண்டியைச் சாய்த்தபடி முன் பிரேக்கை மெல்லத் தொட்டேன். முன் சக்கரம் வெளிப்பக்கமாக நழுவியது. நான் சாலையில் கிடந்தேன். இடது மணிக்கட்டில் எலும்பு முறிந்து ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தார்கள். எதிரே பேருந்து எதுவும் வராதது என் நல்ல காலம்.

விழுந்ததற்கு இலைதான் காரணம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வண்டியைச் சரிசெய்யக் கொடுத்திருந்த மெக்கானிக், முன் டயரின் மேல் கட்டைவிரல் நகத்தை அழுத்திக் காட்டினார். நகம் ரப்பருக்குள் இறங்கவே இல்லை. "பட்டன் பாதிக்கு மேல இருக்குதுங்க சார், ரப்பர்தான் செத்துப் போச்சு" என்றார். சாலையைத் தொடும், பள்ளம் வெட்டிய ரப்பர் கட்டைகளைத்தான் பட்டன் என்கிறோம். பிறகு டயரின் பக்கச்சுவரில் ஒரு சிறிய நீள்வட்டச் சட்டத்துக்குள் இருந்த நான்கு இலக்கங்களைத் துடைத்துக் காட்டினார். 3412 என்று இருந்தது. அதாவது 2012ஆம் ஆண்டின் 34ஆவது வாரத்தில் தயாரான டயர். அதை நான் 2017 ஜனவரியில், சமவெளியில் உள்ள ஒரு கடையில், நல்ல தள்ளுபடியில் "நிறைய கிலோமீட்டர் ஓடும்" என்ற உறுதியோடு புதிது என்று வாங்கியிருந்தேன். நாலரை ஆண்டுகள் கடையில் கிடந்த டயர் அது. அந்த எண்ணைப் படிக்கத் தெரியாமல் வாங்கியது என் பிழை; தெரிந்தும் சொல்லாமல் விற்றது கடைக்காரரின் பிழை. எலும்பு முறிந்தது எனக்கு என்பதால், அதற்குப் பிறகு இந்த எண்ணைப் பார்க்காமல் எந்த டயரையும் ரிம்மில் ஏற்ற விட்டதில்லை. ஓராண்டுக்குள் தயாரானதாக இருந்தால் வாங்குகிறேன். இரண்டாண்டைத் தாண்டியிருந்தால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

அந்த டயரின் பட்டன் ஆழம் இன்னும் 2.5 மில்லிமீட்டர் இருந்தது. மத்திய மோட்டார் வாகன விதிகள் இரு சக்கர வாகனத்துக்குக் கேட்பது 0.8 மில்லிமீட்டர்தான். பட்டன்களுக்கு இடையேயுள்ள பள்ளங்களின் அடியில் ஆங்காங்கே சிறு மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயர் முடிந்துவிட்டது என்று பொருள். பக்கச்சுவரில் அதற்கு நேராக ஒரு முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துகளோ இருக்கும். இந்தக் கணக்குப்படி என் டயருக்கு இன்னும் ஓராண்டு ஆயுள் மிச்சம் இருந்தது. அப்படி இருந்தும் அது விழத்தள்ளியது ஏன் என்பதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில மாதங்கள் ஆயின.

ரப்பர் சாலையைப் பிடிப்பது, அது நெகிழ்ந்து தாரின் மேலுள்ள கற்களின் சொரசொரப்புக்குள் அழுந்திப் பதிவதால்தான். அழுந்திய ரப்பர் உடனே துள்ளி மீளாமல் சற்றுத் தயங்கி மீளும். அந்தத் தயக்கத்தில் சக்தி செலவாகிறது, அதுவே நமக்குப் பிடிமானமாகக் கிடைக்கிறது. மென்மையான ரப்பர் நன்றாகப் பதியும், நன்றாகப் பிடிக்கும், விரைவில் தேயும். கடினமான ரப்பர் குறைவாகப் பதியும், குறைவாகத் தேயும். இரண்டும் ஒரே குணத்தின் இரு முகங்கள் என்பதால், நிறைய ஓடும், நன்றாகவும் பிடிக்கும் என்று யாராவது சொன்னால், ஏதாவது ஓர் இடத்தில் அவர் விட்டுக்கொடுத்திருக்கிறார் என்றே கொள்ள வேண்டும். ரப்பர் கலவையில் கரித்தூளோடு சிலிக்காவும் சேர்ப்பதால் ஈரத்திலும் குளிரிலும் நெகிழ்வு ஓரளவு காப்பாற்றப்படுகிறது. இருந்தாலும் அடிப்படைக் கணக்கு மாறுவதில்லை.

மலையில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகிறது. குளிர்ந்தால் ரப்பர் இறுகும். கோயம்புத்தூரில் 35 டிகிரி வெயிலில் சாலையே சுட்டுக்கொண்டிருக்கும்போது போதுமான அளவு நெகிழும் ஒரு கடின டயர், கோத்தகிரியில் 10 டிகிரி காலையில் மரக்கட்டை போல ஆகிவிடுகிறது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் உதகையில் இதைவிட மோசம். மேலும் சமவெளி நெடுஞ்சாலையில் 70, 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது டயர் தானாகச் சூடேறுகிறது. நாமோ 25, 30இல் வளைந்து வளைந்து போகிறோம்; தொழிற்சாலை வாசலை அடையும்போதும் டயர் சில்லென்றுதான் இருக்கும். இதோடு வயதும் சேர்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் வெயிலும் ரப்பரை ஆண்டுதோறும் இறுக்குகின்றன. ஓடினாலும் ஓடாவிட்டாலும் இது நடக்கும். ஆகவே எங்கள் ஊரில் ஒரு கடின டயர், பட்டன் தேய்வதற்கு முன்பே ரப்பர் இறுகிச் செத்துவிடுகிறது. மீதி பட்டனைப் பார்த்து நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

பள்ளம் ஆழமாக இருந்தால் மழையில் பிடிக்கும் என்ற நம்பிக்கையும் பாதிதான் உண்மை. தண்ணீர்ப் படலத்தின் மேல் டயர் மிதப்பது வேகத்தில் நடக்கும் காரியம். அங்கே பள்ளம் தண்ணீரை வெளியேற்றி உதவுகிறது. 30 கிலோமீட்டர் வேகத்தில் பாசி பிடித்த நிழல் வளைவில் வழுக்குவதற்குப் பள்ளத்தின் ஆழம் அவ்வளவு பொறுப்பல்ல, ரப்பரின் நெகிழ்வே பொறுப்பு. மண் சாலைக்கான பெரிய கட்டைப் பட்டன் டயரை மலைக்கு ஏற்றது என்று எண்ணிப் போட்டுக்கொண்டு வரும் இளைஞர்களைப் பார்க்கிறேன். அந்தக் கட்டைகளுக்கு இடையே வெற்றிடம் அதிகம். ஈரத் தாரில் சாலையைத் தொடும் ரப்பர் குறைகிறது, சாய்க்கும்போது கட்டைகள் நெளிகின்றன. எஸ்டேட் மண் பாதையில் தினமும் போகிறவருக்கு அது சரி. தார்ச்சாலையிலேயே போய்த் திரும்புகிறவருக்கு அது பிடிமானத்தைக் குறைத்துக்கொள்வதுதான்.

கட்டு அவிழ்த்ததும், 2019 ஜனவரியில், பயத்தில் எதிர்முனைக்குப் போனேன். என் வண்டியின் டயர் அளவு முன்னால் 80/100-17, பின்னால் 100/90-17; முதல் எண் மில்லிமீட்டரில் அகலம். இரண்டு சக்கரங்களுக்கும் அந்த அளவில் கிடைத்த மிக மென்மையான, ஸ்போர்ட்ஸ் வகை டயர்களைக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்துப் போட்டேன். வண்டி வேறு வண்டியாகிவிட்டது. ஈர வளைவில் சாலையின் ஒவ்வொரு கல்லும் கைக்குத் தெரிந்தது. ஆனால் பின் டயர் 11,600 கிலோமீட்டரில், அதே ஆண்டு டிசம்பரில், மேடுகளின் மட்டத்துக்கு வந்துவிட்டது. முன் டயரோ பாதிகூடத் தேயவில்லை.

இந்த இடத்தில்தான் நோட்டைப் பிரித்து உட்கார்ந்தேன். முன்பு போட்டிருந்த கடின ரகப் பின் டயர் 1,900 ரூபாய், 27,000 கிலோமீட்டர் ஓடியது. கிலோமீட்டருக்கு 7 காசு. மென்மையானது 2,700 ரூபாய், 11,600 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 23 காசு. மூன்று மடங்குக்கு மேல் என்று சொன்னால் பெரிதாகத் தெரிகிறது. தினமும் 42 கிலோமீட்டருக்குக் கணக்கிட்டால் வித்தியாசம் ஏழு ரூபாய்க்கும் குறைவு. அன்று லிட்டர் 75 ரூபாய் விலையில், 45 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்கு நான் தினமும் எரித்த பெட்ரோல் 70 ரூபாய். டயரை ஒரே நாளில் மொத்தப் பணம் கொடுத்து வாங்குவதால் அது நமக்குப் பெரிய செலவாகத் தோன்றுகிறது. நாட்களுக்குப் பகிர்ந்து பார்த்தால் பெட்ரோலின் அருகில்கூட வராது. ஆனாலும் பதினோரு மாதத்துக்கு ஒரு முறை பின் டயர் மாற்றுவது எல்லோருக்கும் இயலாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் வரும் ஜூன் மாதத்தில் 2,700 ரூபாய் என்பது வேறு கணக்கு.

அப்போதுதான் எனக்கு ஒன்று தெளிவாகியது. இரண்டு சக்கரங்களுக்கும் ஒரே பதிலைத் தேடிக்கொண்டிருந்தது தேவையற்றது. மலையில் ஏறும்போது பின் டயர்தான் உழைக்கிறது. இரண்டாம் கியரில் இன்ஜினின் இழுவை முழுவதும் அதன் மேல் விழுகிறது, அதனால் தேய்கிறது. இறங்கும்போது எடை முன்னே சாய்கிறது. பிரேக் பிடித்தால் இன்னும் சாய்கிறது. கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிறவருக்கும், குன்னூரிலிருந்து கல்லாறுக்கு 14 வளைவுகளில் இறங்குகிறவருக்கும் உயிரைக் காப்பது முன் டயர். மேலும் பின் சக்கரம் சற்று நழுவினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன் சக்கரம் நழுவினால் அடுத்த நொடி தரைதான். எனவே அதிகம் தேயும் இடத்தில் ஓரளவு உழைக்கக்கூடியதையும், அதிகம் பிடிக்க வேண்டிய இடத்தில் மென்மையானதையும் வைப்பதே எனக்குச் சரியாகப் பட்டது. முன்னால் மென்மையான ரகத்தைத் தொடர்ந்தேன். பின்னால் நடுத்தர ரகம் ஒன்றை 2,350 ரூபாய்க்கு வாங்கினேன். அது 18,800 கிலோமீட்டர் வந்தது. கிலோமீட்டருக்கு 12.5 காசு. அதற்குப் பிறகு இந்த ஏற்பாட்டை மாற்றவில்லை. ஒரே நிறுவனத்தின் ஒத்த ரகங்களாகவும், இரண்டும் சாதாரணப் பயஸ் டயர்களாகவும் (உள்ளே இழைகள் குறுக்குச் சாய்வாகப் போகும் வகை) பார்த்துக்கொண்டேன். ஒன்று பயஸ், ஒன்று ரேடியல் (இழைகள் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராகப் போகும் வகை) என்று கலப்பது வண்டியின் போக்கைக் கெடுக்கும்.

எந்தக் கம்பெனி நல்லது என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். எம்.ஆர்.எஃப்., சியட், அப்போலோ, மதுரையைச் சேர்ந்த டி.வி.எஸ். யூரோகிரிப், மிச்செலின் என்று கடையில் பல பெயர்கள் இருக்கின்றன. ஆனால் ஒரே நிறுவனமே நிறைய ஓடுவதற்கென்று ஒரு ரகமும், பிடிமானத்துக்கென்று வேறொரு ரகமும் செய்கிறது. ஆகவே கம்பெனிப் பெயரைச் சொல்லிக் கேட்காமல், அந்தக் கம்பெனியில் எந்த மாடல், அது எந்த நோக்கத்துக்குச் செய்தது என்று கேட்க வேண்டும். இங்குள்ள கடைகளில் பெரும்பாலும் கடின ரகமே இருப்பில் இருக்கிறது. கேட்பவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். வேறு வேண்டுமென்றால் சொல்லி வைத்து நான்கைந்து நாள் காத்திருக்க வேண்டும். கடைக்காரருக்கு நேரம் இருந்தால் இரண்டு ரகங்களையும் பக்கத்தில் வைத்து நகத்தால் அழுத்திப் பாருங்கள். அறிவியல் அளவீடு ஆகாது. ஆனால் ஒரே குளிரில் நிற்கும் இரண்டு டயர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் விரலுக்குத் தெரிந்துவிடும்.

அளவுக்குப் பின்னால் வரும் 55P போன்ற குறியையும் பார்க்க வேண்டும். 55 என்பது அந்த டயர் 218 கிலோ தாங்கும் என்பதையும், P என்ற எழுத்து மணிக்கு 150 கிலோமீட்டர் வரை ஏற்றது என்பதையும் குறிக்கிறது. வண்டியோடு வந்ததைவிடக் குறைந்த எண் உள்ளதைப் போடக்கூடாது. மனைவி, குழந்தை, காய்கறி மூட்டையோடு மலை ஏறுகிறவர்களுக்கு இது முக்கியம். அகலமான டயர் போட்டால் பிடிமானம் கூடும் என்று சிலர் 120 வரை போகிறார்கள். ரிம் அதே பழைய குறுகிய ரிம்மாக இருப்பதால் டயர் இருபுறமும் நெருக்கப்பட்டு நடுவில் கூம்பிவிடுகிறது. சாய்க்கும்போது வண்டி முரண்டு பிடிக்கும்; சில வண்டிகளில் செயின் கவரில் உரசும்.

சமவெளியிலிருந்து மலைக்கு வருகிறவர்களுக்கு ஒரு செய்தி. என் மனைவியின் தம்பி அன்னூரில் இருக்கிறான். தினமும் கோயம்புத்தூருக்கு நேர்ச்சாலையில் போய் வருகிறவன். ஒரு விடுமுறைக்கு வண்டியிலேயே மேலே வந்தவன், வந்ததும் வராததுமாக, "மச்சான், வளைவுல சாய்க்கையில வண்டி பொசுக்குன்னு விழுகுற மாதிரி இருக்குதுங்க" என்றான். டயரைப் பார்த்தேன். நேராகவே ஓடி நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையாகி, இரு ஓரங்களிலும் விளிம்பு கட்டியிருந்தது. நிமிர்ந்து போகும்போது அது தெரியாது. சாய்க்கத் தொடங்கியதும் சக்கரம் அந்த விளிம்பைத் தாண்ட வேண்டியிருக்கிறது. தாண்டியதும் வண்டி சட்டென்று விழுகிறது. பட்டன் அவனுக்கும் மிச்சம் இருந்தது. குன்னூரில் பின் டயரை மாற்றிய பிறகே அவனை இறங்க விட்டேன்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல டயரைத் தவறான காற்று கெடுத்துவிடும். மழைக்காலத்தில் காற்றைக் குறைத்தால் பிடிக்கும் என்று இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. குறைந்த காற்றில் பக்கச்சுவர் நெளிந்து, வளைவில் வண்டி மிதப்பது போல ஆகிறது. டயரின் ஓரங்களும் வீணாகத் தேய்கின்றன. என் வண்டியின் கையேட்டில் உள்ளபடி முன்னால் 25, பின்னால் தனியாகப் போனால் 28, இருவர் போனால் 32 பி.எஸ்.ஐ. வைக்கிறேன். மலை ஏறினால் டயரின் காற்று அழுத்தம் கூடுமே, அதனால் மேட்டுப்பாளையத்திலேயே குறைத்துக்கொள்ள வேண்டாமா என்று என் மனைவி ஒரு முறை கேட்டாள். நல்ல கேள்வி என்பதால் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சுமார் 300 மீட்டர் உயரமுள்ள மேட்டுப்பாளையத்திலிருந்து 2,240 மீட்டர் உயரமுள்ள உதகைக்குப் போனால் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 3 பி.எஸ்.ஐ. குறைகிறது, அதனால் கருவி அந்த அளவு கூடுதலாகக் காட்ட வேண்டும். ஆனால் 35 டிகிரியிலிருந்து 12 டிகிரிக்குக் குளிரும்போது டயருக்குள் இருக்கும் காற்றின் அழுத்தமும் ஏறத்தாழ 3 பி.எஸ்.ஐ. குறைந்துவிடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகின்றன. ஆகவே காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்ப்பதே போதும். வாரத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும்.

புது டயர் மாட்டியதும் சுழற்சி அம்புக்குறி சரியான திசையில் இருக்கிறதா என்பதைக் கடையிலேயே பாருங்கள். டியூப் உள்ள வண்டி என்றால் டியூபையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். பழைய டியூப் நீண்டு தளர்ந்திருக்கும், புது டயருக்குள் மடிந்துகொள்ளும். முதல் 150 கிலோமீட்டருக்குப் புது டயரின் மேற்பரப்பு வழவழப்பாகவே இருக்கும். மழை நாளில் புது டயரோடு கடையிலிருந்து நேராகக் கொண்டை ஊசி வளைவுக்குப் போகிறவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். நான் ஒரு வாரம் மெதுவாகச் சென்று, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடுதலாகச் சாய்த்து ஓரங்களைப் பழக்கிக்கொள்கிறேன். தேய்ந்த டயரில் கத்தி வைத்துப் புதிதாகப் பள்ளம் வெட்டிக் கொடுக்கும் வேலையை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்துகொள்ளாதீர்கள். வெட்டும் இடத்தில் உள்ளே இருக்கும் நைலான் இழைக்கும் சாலைக்கும் இடையே மிஞ்சுவது ஒரு தாள் கனம்தான்.

எங்களுக்கு மழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை போகும். கூடலூர், குந்தா பக்கத்தவர்களுக்கு ஜூனிலேயே தொடங்கிவிடும். ஆகவே அவர்கள் மே மாதத்திலும் நாங்கள் செப்டம்பரிலும் டயரைப் பார்த்துவிடுவது நல்லது. முன் டயரை 20,000 கிலோமீட்டரிலோ, தயாரான தேதியிலிருந்து நான்கு ஆண்டுகளிலோ, எது முந்துகிறதோ அப்போது மாற்றிவிடுகிறேன். பட்டனைப் பார்ப்பதில்லை.

போன செப்டம்பரில் அப்படி மாற்றியபோது, கழற்றிய டயரைக் கையில் வைத்துக்கொண்டு கடைப் பையன், "இன்னும் நல்லா பட்டன் இருக்குதுங்கண்ணா, யாராவது கேட்டா கொடுத்துடட்டுங்களா?" என்றான். நகத்தை அழுத்திப் பார்க்கச் சொன்னேன். பார்த்தான். பிறகு நான் கேட்டபடி, என் முன்னாலேயே பக்கச்சுவரைக் கத்தியால் இரண்டு இடத்தில் அறுத்துப் போட்டான்.